பேட்டாக் காசில் ஓர் அறை

நாற்பத்தைந்து வயது வரை முதுமை என்பது மற்றவர்களுக்கு வருகிற சமாச்சாரம் என்றே இருந்துவிட்டேன். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. பென்ஷன், பி.எஃப். எதுவும் கிடையாது. மாதச் சம்பளம் வீட்டுக்குப் போகும். வண்டி ஓடுகிற நாளுக்குக் கிடைக்கும் பேட்டாக் காசு டீ, பீடி, பரோட்டா என்று என்னோடு கரைந்துவிடும்.

என்னோடு பல வருடம் ஓடிய டிரைவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. முதலாளி மாலை போட்டு அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் ஒரு காலை அவர் ரெக்சின் பையோடு எங்கள் வண்டியில் ஏறினார்.

"எங்கண்ணே போறீங்க?"

"சின்னவன் ஊட்டுக்குப்பா. பெரியவன் ஊட்ல இந்த மாசம் முடிஞ்சிடுச்சி."

டிக்கெட் வேண்டாம் என்றேன். அவர் கேட்காமல் சட்டைப்பையைத் துழாவினார். சில்லறை போதவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போனேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நீங்க யார் ஊட்டுக்குப் பை தூக்கிக்கினு போவீங்க? நமக்கு இருக்கறது ஒரே புள்ள."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"சம்பளத்துல கை வெக்க முடியாது. பேட்டாவ என்கிட்ட குடுங்க. பீடியக் கம்மி பண்ணுங்க."

பீடியைக் குறைத்தேன், விடவில்லை. தபால் ஆபீஸ் சேமிப்புக்குப் பணம் வசூலிக்கும் அம்மா ஒருவர் மாதாமாதம் வீட்டுக்கு வருவார். நிலக்கடலை சீசனில் மல்லாட்டை உடைக்கப் போய் வந்த கூலியையும் என் மனைவி அதிலேயே போட்டாள். பணம் முதிர்ந்தபோது நான் இரண்டு கறவை மாடு வாங்கலாம் என்றேன். அவள் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு மனையைக் காட்டினாள். பாறையும் முள்ளுமாகக் கிடந்தது.

"மாட்டுக்கும் வயசாகும்ங்க. இங்க ஒரு ரூம் போட்டா வாடகை வரும். தபால் ஆபீஸ் அம்மா ஊட்லயே ஆசிரமத்துக்கு வர்ற மெட்ராஸ்காரங்க குடியிருக்காங்க."

வாங்கினோம். கையில் காசு சேரும்போது கொஞ்சம், பிறகு நிறுத்தம் என்று கட்டடம் வளர்ந்தது. அறையோடு சேர்ந்தே கக்கூஸ் வேண்டும் என்று அவள் சொன்னதும் மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சுவர் ஜன்னல் உயரம் வந்திருந்தது. ஐ.டி.ஐ. முடித்திருந்த எங்கள் மகன் வந்து நின்றான். துபாயில் வேலை, ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

"மனைய வித்துடலாம்மா. ரெண்டே வருஷத்துல டபுளா வாங்கித் தரேன்."

நான் மசிந்துவிட்டேன். குடுத்துடலாமே என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் காலை அவனை உட்காரவைத்துச் சோறு போட்டபடி சொன்னாள்.

"உனக்கு வயசு இருக்குது, தொழில் தெரியும். எங்களுக்கு இது ஒண்ணுதான்டா. இத விக்க மாட்டேன்."

"பெத்த புள்ளைய விட உனக்குச் செவுருதான் ஜாஸ்தி."

பாதிச் சோற்றில் எழுந்தவன் பெங்களூருக்குப் போய் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். இரண்டு கார்த்திகை தீபத்துக்கு வரவில்லை. அந்த இரண்டு முறையும் அவள் மலையைப் பார்த்ததைவிடத் தெருவைப் பார்த்ததுதான் அதிகம். ஆனால் தான் செய்தது தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் உள்ளுக்குள் புழுங்கினேன்.

அறை முடிந்ததும் சென்னையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் குடிவந்தார். பல அறைகளைப் பார்த்தாராம். கக்கூஸ் உள்ளேயே இருந்ததால்தான் இதை எடுத்தாராம். பென்ஷன் வாங்கிய கையோடு வாடகை தருவார். ஒருவழியாக அரசாங்கப் பென்ஷன் எங்கள் வீட்டுக்கும் வர ஆரம்பித்தது.

மூன்றாவது தீபத்துக்கு மகன் வந்தான். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. டீச்சரம்மா அறையில் குழாய் ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு, யாரும் சொல்லாமலே ஸ்பானரோடு போய்ச் சரிசெய்துவிட்டு வந்தான். அவன் அம்மா சூடாக வடை போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான் சமாதானம்.

முட்டிவலி தாங்காமல் நான் வேலையை விட்டபோது எண்பதுகள் முடியும் நேரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வரும் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. முதல் சில நாள் காலையில் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். பிறகு அவள் இரண்டாவது அறைக்குக் கடைக்கால் எடுத்தாள். புதுச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது என் வேலையாயிற்று.

"அந்த மூலைய விட்டுட்டீங்க" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.