அபூ நாசர் பார்த்த தூரம்

குவைத்தில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. "கரீப்" என்பார்கள், பக்கம்தான் என்று. நான் துணிக்கடை நடத்திய ஃபஹாஹீலிலிருந்து எங்கே போகக் கேட்டாலும் கரீப்தான். நாட்டின் எந்த மூலைக்கும் காரில் போய்ப் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

எனக்கு விசா தந்த முதலாளி, என் கஃபீல் அபூ நாசர் இந்தியாவையும் அப்படித்தான் நினைத்திருந்தார். மழை பார்க்க ஒருமுறை பம்பாய் போய்வந்தவர். தங்கையின் நிக்காஹுக்கு லீவு கேட்டபோது சிரித்தார்.

"விமானத்தில் ஏறித் தூங்கி எழுந்தால் உன் ஊர். வியாழன் போ, சனிக்கிழமை கடையைத் திற. கலாஸ், அவ்வளவுதான்!"

"பாபா, பம்பாய் என் ஊரில்லை. அதற்கப்புறம்தான் தூரமே இருக்கிறது."

அவர் நம்பவில்லை. "நானும் வருகிறேன், பார்த்துவிடுவோம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றிருந்தேன். பெட்டியோடு வந்து நின்றார்.

வாப்பா மௌத்தாகி விட்டதால், தங்கைக்கு வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக இருந்து நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவன் நான்தான். நான் போய்ச் சேராமல் காரியம் நடக்காது. பம்பாயில் சென்னை விமானத்துக்குக் காத்திருந்தபோது அபூ நாசர் உற்சாகமாகத்தான் இருந்தார். எழும்பூரில் நெல்லை ரயில் ஏறியதும், நிற்கிற ஸ்டேஷனிலெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து "வந்துவிட்டோமா?" என்றார். விழுப்புரத்தில் கேட்டார், திருச்சியில் கேட்டார். மதுரை தாண்டி எஞ்சின் பழுதாகி, வெயிலில் ரயில் நின்றபோது கேட்பதை நிறுத்திவிட்டார். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வைத்த நிக்காஹ்.

திருநெல்வேலியில் வாடகைக்கார் பிடித்துக் காயல்பட்டினம் சேர்ந்தபோது மாலை அஸர் தொழுகையே முடிந்திருந்தது. பந்தலில் மாப்பிள்ளையின் வாப்பா எழுந்து நின்றார்.

"இதுதான் வார நேரமா? புள்ள காலையிலேந்து மாலையோட இருக்குறான்!"

நான் வாயைத் திறக்குமுன், கசங்கிய வெள்ளை அங்கியோடு அபூ நாசர் முன்னால் வந்து அரபியில் ஏதேதோ சொன்னார். நிக்காஹ் நடத்த வந்திருந்த ஆலிம்சா கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்:

"தப்பு அவர் மேலதானாம். பக்கம்தானேண்டு லீவைக் கொறச்சுட்டாராம். மாப்பிள்ளைட்ட மாப்புக் கேக்குறாரு."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு பந்தலே சிரித்தது. நிக்காஹ் முடிந்து உள்ளே போனதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காக்கா, வந்துட்டியளா" என்றாள்.

இரண்டு நாள் தூங்கிச் சாப்பிட்டுத் தேறிய அபூ நாசரை வழியனுப்ப நானே சென்னை போனேன். விமான நிலைய வாசலில் என்னைக் கட்டிக்கொண்டார்.

"இரண்டு மாதம் இருந்துவிட்டு வா. பயண நாளெல்லாம் லீவில் சேராது. அப்புறம் வீட்டுக்கு வந்துவிடு."

வீடு என்று அவர் சொன்னது ஃபஹாஹீலை. நானும் மறுக்காமல் தலையாட்டினேன்.

வழியனுப்ப வந்த கூட்டத்தோடு கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளே போகும் அந்த வெள்ளை அங்கியைப் பார்த்துக் கையசைத்தேன். மகனை அனுப்ப வந்திருந்த பக்கத்து அம்மா விசாரித்தார்.

"யாருப்பா போறது?"

"எங்க ஊர்க்காரரும்மா" என்றேன்.