கீழ்த்தள யார்டும் ஒரு ஏக்கர் விதைநெல்லும்

சிங்கப்பூர் போய்த் திரும்பிய கூத்தாநல்லூர் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு ரயில் செட் கொடுத்தார். இரண்டு எஞ்சின், ஒன்பது பெட்டி, மின்சாரத்தில் ஓடும். அதை யாராவது பொம்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நீடாமங்கலத்தில் அப்போது நான் கணக்கு வாத்தியார். பின்னறையில் ஒரு மேசை மேல் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு ஓட்டினேன்.

மனைவி முறத்தோடு வந்து பார்த்தாள். "இப்பத்தானே போச்சு. அதுக்குள்ள வந்துடுச்சே, எந்த ஊருக்குத்தாங்க போச்சு?"

போன வண்டி எங்காவது போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அப்புறம் வேறொரு வண்டி வர வேண்டும். மேசைக்குக் கீழே இன்னொரு தளம், அதில் கண்ணுக்குப் படாமல் வண்டிகள் நிற்க நாலு தண்டவாளம் போட்ட ஒரு யார்டு என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம் பரீட்சைத் தாள்களின் பின்பக்கமெல்லாம் இந்தப் படம்தான். எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, குகையும் இல்லை. ஒரு மைல் தள்ளிப் போகிற ரயிலை வயலில் நின்றே பெட்டி பெட்டியாக எண்ணலாம். இந்த ஊரில் ஒரு ரயிலை எங்கே ஒளிப்பது? கடைசியில் அட்டையில் ரைஸ்மில் ஒன்று செய்து, அதன் பின்னால் சரிவு வைத்து வண்டியை இறக்கினேன். கை நுழைய ஒரு முழ உயரம் விட்டு, முன்பக்கம் பலகை அடித்து, சின்னக் கதவும் வைக்கத் தச்சரிடம் சொன்னேன்.

மனைவி கெடு வைத்தாள். "தை அறுப்புக்கு இந்த ரூம் எனக்கு வேணும். மேசை வெளியில போயிடணும்."

நியாயம்தான். அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டவர்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, கொடி பிடித்து, கோர்ட்டுக்கு அலைந்து, அவள் பங்குக்கு ஒரு ஏக்கர் கிடைத்திருந்தது. அந்தத் தையில்தான் சொந்த வயலில் முதல் அறுப்பு. அதன் விதைநெல்லை அவள் யாரையும் தொடவே விடமாட்டாள்.

நான் செய்த மடத்தனம் ஒன்று உண்டு. அந்தத் தச்சரிடம், "கீழ ஒரு தளம் இருக்கறதே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்று பெருமையாகச் சொன்னேன். அது லெவி நெல் வருஷம்; விளைந்ததில் ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கட்டாயம் அளந்தாக வேண்டும். பதுக்கிய நெல்லைத் தேடி அதிகாரிகள் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார்கள். தச்சர் டீக்கடையில் சொன்னார், டீக்கடையிலிருந்து மனு போய்விட்டது.

அறுப்பு முடிந்து, கெஞ்சி வாங்கிய ஒரு வாரத் தவணையில் மேசை இன்னும் அறைக்குள்தான் இருந்தது. அதிகாரி வந்து நின்றார்.

"மேசைக்குக் கீழ நெல்லு இருக்கறதா மனு. திறங்க சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நெல்லா? ரயில் சார். ஓட்டியே காட்டறேன்."

வண்டி ரைஸ்மில்லுக்குப் பின்னால் இறங்கியது. தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மனைவியைப் பார்த்தேன், முகம் வெளுத்து நின்றாள். அப்போதுதான் புரிந்தது: எலி வராத, ஈரம் படாத இடம் என்று விதைநெல் சாக்குகளை என் யார்டில் அடுக்கியிருக்கிறாள். விதை என்று நெல்லில் எழுதியா இருக்கிறது? இதை அள்ளிக்கொண்டு போனால், அடுத்த விதைப்புக்கு அவள் மறுபடி யார் வாசலில் போய் நிற்பாள்?

"வண்டி எங்க?" என்றார் அதிகாரி.

"கிராசிங் சார். எதிர்வண்டி வரணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று காலைதான் அடைத்தால் லேசில் திறக்காத எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் ஜீப்போடு முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார்.

"பொம்மையிலயுமா?"

"நீடாமங்கலம் சார் இது. திறந்தா தடம் புரண்டுடும், இன்னும் லேட்டாகும்."

மனுவின் மேல் 'ரயில் மட்டும்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பொம்மை என்றதற்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கோபப்படவில்லை.

மனைவி கதவைத் திறந்தாள். எஞ்சின் சாக்கில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அதன் கூரையில் சிந்தியிருந்த நாலு நெல்லைப் பொறுக்கிச் சாக்குக்குள் போட்டாள்.

"மேசைய நாளைக்கே வெளியில எடுத்துடறேன்" என்றேன்.

"எதுக்கு? அடுத்த தைக்குள்ள இன்னும் ஒரு முழம் ஒசத்திக் கட்டுங்க" என்றாள்.