சிவப்புக் குமிழில் ஒரு விரல்

மிளகு பறிக்க ஏணியில் ஏறிய என் கணவர் கீழே விழுந்ததில் அவருக்குக் கழுத்தில் அடிபட்டது. இப்போது நடக்கிறார். கைகள்தான் சொன்னபடி கேட்பதில்லை. வலது சுட்டுவிரலால் லேசாக அழுத்த முடியும், ஆனால் அந்த விரலில் உணர்ச்சி கிடையாது. மவுஸைப் பிடிக்க முடியாதவருக்காக, கீபோர்டின் நடுவே சிவப்புக் குமிழ் வைத்த பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். எந்தப் பக்கம் குமிழை அழுத்துகிறோமோ, திரையில் அம்பு அந்தப் பக்கம் ஓடும். இடது பெருவிரலால் கீழேயுள்ள பட்டனைத் தட்டிவிடுவார்.

நான் பொறுமைசாலி இல்லை. அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினால் இரண்டு நிமிடம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், நானே போட்டுவிடுவேன். அவர் முகம் சுருங்கும். நான் கண்டுகொள்வதில்லை.

கொழும்பு நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே படிவங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு ஆன்லைனில் பரீட்சை வைத்தது. நாற்பது நிமிடம். யாரும் உதவக் கூடாது. விழுந்த பிறகு அவருக்கு வந்த முதல் வாய்ப்பு. அலுவிகாரையில் எங்கள் வீடு வீதியோரம் என்பதால் பஸ் சத்தத்துக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தினேன். வெளியே போக மனமில்லாமல், கேமராவில் விழாதபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பாதி வரை நன்றாகத்தான் போனது. பிறகு அம்பு தானாக மேலே ஏறத் தொடங்கியது. இறக்கினார், மறுபடி ஏறியது. குமிழில் கோளாறு இல்லை. விரல் அதன் மேலேயே கிடந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. தோளைப் பின்னுக்கு இழுத்தால் விரல் எழும்பிவிடும். என் விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையை நீட்டி அவர் விரலைத் தூக்கிவிட்டேன்.

அம்பு நின்றது. எல்லாக் கேள்விகளையும் முடித்தார்.

கேமராவுக்கு அவர் முகம் மட்டும்தான் தெரியும். பரீட்சை முடிந்ததும் திரையில் வந்த நிறுவனத்துப் பெண், யாராவது உதவினார்களா என்று எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆமாங்க. என் மனைவி ஒரு தடவ விரலத் தூக்கிவிட்டாங்க."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக் காலை வேறு கேள்விகளோடு திரும்பச் செய்யுங்கள் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அத சொல்லாட்டி என்னங்க?"

"வேல கெடைச்சா தினமும் பக்கத்துலயே உக்காந்திருப்பியா?"

"இருப்பேன்."

"எனக்கு அது வேணாம்," என்றார்.

மறுநாள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். பாதியில் "ச்சே" என்றார். மறுபடியும் "ச்சே". என் கை கதவின் மேல் இருந்தது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது, தோளைப் பின்னுக்கு இழுக்கிறார் போலும். பிறகு பட்டன் தட்டும் சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது.

அந்த வேலையில்தான் இப்போதும் இருக்கிறார். ஆனால் அன்று முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் சிரித்தபடி வெளியே வந்தபோது, என்னால் உடனே சிரிக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட மாட்டாரா என்றுதான் அவ்வளவு நேரமும் நின்றிருந்தேன்.