சம்மட்டி பிடித்த கை

ஆயுத பூசை என்றால் ஊருக்கெல்லாம் பொரிகடலை ஞாபகம் வரும். எனக்கு வயிறு எரியும்.

சண்டைக் காலம் அது. சேந்தமங்கலத்தில் எங்கள் கொல்லுப் பட்டறையில் சம்மட்டி அடித்தவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. என் புருஷன் குறட்டில் இரும்பைப் பிடிக்க, நான் முந்தானையைச் செருகிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினேன். கொல்லிமலைக்காரர்கள் வாங்கிப் போன கொடுவாளெல்லாம் நான் அடித்தவை. பண்ணைக்காரர், கருப்பனார் சாமிக்கு நேர்ந்துகொண்ட ஆளுயர அரிவாளும் நான் அடித்ததுதான். தோள் வீங்கி, தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். ஆனால் வெளியாள் தலை தெரிந்ததும் சம்மட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட வேண்டும். அது மாமியார் போட்ட சட்டம்.

பூசையன்று அதுவும் போயிற்று. "இன்னிக்குப் பொம்பள பட்டறைக்குள்ள கால் வெக்கக் கூடாது சாமி" என்றார் மாமியார். முந்தின நாள் வரை அங்கே வேர்த்துக் கொட்டியவளிடம் ஒரே ராத்திரியில் என்ன தீட்டு வந்து ஒட்டிக்கொண்டதோ! சம்மட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எனக்கு அடுப்படி.

பண்ணைக்காரர் வேட்டிகளோடு வந்தார். "அருவா செஞ்ச கைக்கு மரியாத பண்ணோணும். உனக்கு ஒண்ணு ஆசாரி. சம்மட்டி புடிச்சது ஆரு?"

சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் லீவுக்கு வந்திருந்தான். என் புருஷன் கூசாமல் அவனை முன்னால் தள்ளினார். "தம்பிதானுங்க."

அவனும் குனிந்து வாங்கிக்கொண்டான். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் காலை உலை மூட்டி முதல் இரும்பை அடிக்க வேண்டும். அதைப் பார்க்கப் பண்ணைக்காரர் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய லாரியின் வில்பட்டைத் துண்டு ஒன்று சிவக்கக் காய்ந்திருந்தது. கொழுந்தன் ஓங்கிய முதல் அடி இரும்பை விட்டுப் பட்டறைக்கல்லில் விழுந்தது. அடுத்தது குறட்டையே தட்டிவிட்டது. பண்ணைக்காரர் புருவத்தைச் சுருக்கினார்.

என் புருஷன் அடுப்படிக்கு ஓடி வந்தார். "ஏ புள்ளே, வந்து நாலு அடி போட்டுட்டுப் போ. தம்பிக்குக் கை வலின்னு சொல்லிக்கறேன்."

"வாரனுங்க. அருவாளுக்குச் சம்மட்டி புடிச்சது ஆருன்னு அவருகிட்டச் சொல்லுங்க. சொன்னதும் வாரேன்."

அவர் பட்டறைக்குத் திரும்பிப் போனார். இரும்பு கறுத்துவிட்டிருந்தது. மறுபடி உலையில் வைத்தார். கொழுந்தன் துருத்தியை ஊதினான். இரும்பு சிவந்தது. எடுத்துக் கல்லில் வைத்துவிட்டு என் பக்கம் பார்த்தார். நான் பட்டறை வாசற்படியிலேயே நின்றேன். இரும்பு மறுபடி கறுத்தது. திரும்பவும் உலை. இந்தத் தடவை இரும்பிலிருந்து பொறி சீறத் தொடங்கியது. சூடு மீறி இரும்பே தீய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் எடுக்கத்தான் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே எடுத்து அவரே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரும்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இரும்பு சரியில்லீங்க" என்றார் பண்ணைக்காரரிடம்.

அந்த இரும்பில் ஒரு குறையும் இல்லை.