பனிக்குள் இருந்த பக்கத்து வீடு

ஆடை படிந்த அரைத் தம்ளர் காப்பிதான் முதலில் ஞாபகம் வருகிறது. ஏழாம் நம்பர் அறை அம்மிணி அதை என் மேசையில் டக்கென்று வைத்துவிட்டு, "போன்ல அக்கம்பக்கம் யாருமே இல்லைன்னு சொன்னீங்களேண்ணா?" என்று சண்டைக்கு நின்றார். ஏற்காட்டில் லாட்ஜ் நடத்துகிற நாங்கள் இன்றும் வாய் கூசாமல் சொல்கிற பொய் அது. மூன்று நாள் மூடிக்கிடந்த பனி அன்று காலைதான் விலகியிருந்தது. அவர் ஜன்னலுக்கு நேரெதிரே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், காயும் துணிகள், அலறும் டிவி.

"ஏனுங்க அம்மிணி, பனியில தெரியலைன்னா அந்த ஊடுகளே இல்லைன்னு ஆயிருமுங்களா?" என்று சமாளித்தேன். சிரிப்பார் என்று பார்த்தால், முகம் வெளுத்துவிட்டது.

முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்க வந்தவர் அவர். மறுநாள் மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். மனிதர்கள் பேசுவதைச் சேர்த்துவைக்கிற ஆள் நான். சாப்பிடும்போது அவர் சொன்னதெல்லாம் மனதில் இருந்தது. சில விண்மீன் மண்டலங்களின் நடுவே ஒரு கருந்துளை, சுற்றியுள்ள வாயுவைக் கொதிக்கவைத்து விழுங்குமாம். அண்டை மண்டலம் இழுத்தால் அந்த மண்டலத்து வாயு கோணி, வால்போல் நீளுமாம். அவர் ஆராய்ந்த மண்டலத்திலும் அப்படியொரு வால். பக்கத்தில் எதுவும் இல்லை, ஆகவே கருந்துளையேதான் ஊதித் தள்ளியது என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார்.

"தெரியலை, அதனால இல்லைன்னு எழுதிட்டேண்ணா" என்றார்.

அதே இடத்தைப் பெரிய தொலைநோக்கி ஒன்று நெடுநேரம் எடுத்த படம் இருக்கிறதாம். என் மேசையருகே மட்டும்தான் இன்டர்நெட் எட்டும். படம் அங்குலம் அங்குலமாக இறங்கியது. நகம் கடித்தபடி அவர். அவர் தோளுக்குப் பின்னால் நின்றபடி நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

வால் நீண்ட திசையில் மங்கலாக ஒரு தீற்றல். சின்னதாக ஓர் அண்டை மண்டலம்.

தன் பேராசிரியரை அழைத்து அதைச் சொன்னார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது: "மங்கலா ஒண்ணே ஒண்ணுதானேம்மா. யாரும் நோண்ட மாட்டாங்க. அனுப்பிடு."

"நான் பார்த்துட்டேனே சார்."

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது.

"ரூம் இன்னும் ஒரு மாசம் கிடைக்குமாண்ணா?"

"கிடைக்குமுங்க." ரிஜிஸ்டரை எடுத்துத் தேதியைத் திருத்தினேன்.

பேராசிரியர் திரும்பக் கூப்பிடுவார் என்று மறுநாள் மாலை வரை நான் அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்.