இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம்

நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். என் கணவர் பாலேந்திரனின் முழங்கையில் அந்தக் காயத் தழும்பு இன்னும் இருக்கிறது. கேட்ட காதுகள் என்னுடையவை. நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

2006ஆம் ஆண்டு, சித்திரை மாதம், ஒஸ்லோ. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இவர் ஒரு பழைய மோட்டார்ப் படகு வாங்கியிருந்தார். எழுபதுகளில் செய்த படகு. கோடை விடுமுறைக்கு ஸ்தவாங்கரில் இருந்து வரும் பேரப்பிள்ளைகளைத் தீவுப் பக்கம் கொண்டுபோய், ஒரு இரவு அதிலேயே படுக்கவைப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

படகு கரையில்தான் நின்றது. மரக்கட்டைகளின் மேல், பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே. இயந்திரம் நல்லது. உள்ளறைதான் பாழ். சுவரில் ஒட்டியிருந்த ரெக்சின் தொங்கியது. பின்னால் இருந்த பஞ்சு மாவாகிக் கொட்டியது. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக ஒட்ட வேண்டும். வெட்டுவதும் தைப்பதும் என் பங்கு. நாங்கள் குடியிருக்கும் அம்மருட்டில் பாதித் தமிழ்ப் பெண்களுக்குச் சாறிச் சட்டை தைப்பவள் நான்.

பழைய துணியைத் தரையில் விரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. முன்னறையில், இடது கட்டிலின் தலைமாட்டில் இருந்து கழற்றிய துணியில், மெத்தையை ஒட்டிய இடத்தில் கையகல ஓட்டை. யாரோ மஞ்சள் துணியால் மூடியிருந்தார்கள். அதுவும் கிழிந்திருந்தது. அதன் மேல் நீலம். அதுவும் கிழிசல். அதன் மேல் வெள்ளை...

"இஞ்சாருங்கோ, வேறை ஒரு இடமும் இப்பிடிக் கிழியேல்லை. உதிலை மட்டும் ஏன்?"

"முந்தி வைச்சிருந்தவை தலையாலை முட்டியிருப்பினம்."

"மூண்டு தரமுமோ?"

"உம்மை மாதிரி ஆக்கள் போலை. மூண்டாம் தரத்திலைதான் விளங்கும்."

அவர் சீண்டியதற்குக் காரணம் உண்டு. பொழுதுபட்ட பிறகு யார் கூப்பிட்டாலும், யார் தட்டினாலும், மூன்றாம் தரத்துக்குத்தான் நான் பதில் கொடுப்பேன். மனிதர் என்றால் மூன்றாம் தரமும் கூப்பிடுவார்கள். மற்றவை இரண்டோடு நிறுத்திவிடும். ஊரில் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒஸ்லோவில் ஒன்பதாம் மாடி வீட்டுக்கு வந்த பிறகும் நான் அதை விடவில்லை.

"உம்மாலை என்ரை பார்சல் எல்லாம் திரும்பிப் போகுது. அவன் ரெண்டு தரம் மணி அடிச்சிட்டுப் போயிடுறான்."

"போகட்டும். பேய் வாறதிலும் பாக்கப் பார்சல் போறது நல்லது."

அன்று இருவரும் சிரித்தோம்.

முதலில் முன்னறைக்குப் புதிய ரெக்சினை ஒட்டினோம். மறுநாள் போனால் எல்லாம் கல்லுப் போலப் பிடித்திருந்தது. அந்த ஒரு இடத்தைத் தவிர. அங்கே மட்டும் துணி கழன்று, நாக்குப் போல வெளியே தொங்கியது.

"குளிருக்கை பசை பிடிக்கேல்லை," என்றார்.

திரும்ப ஒட்டினார். திரும்பக் கழன்றது. மூன்றாம் நாள் மேலே மரச்சட்டம் வைத்து நாலு திருகாணி முடுக்கினார். அடுத்த நாள் சட்டம் மெத்தையில் கிடந்தது. பக்கத்தில் திருகாணிகள். நாலும் ஒரே வரிசையில்.

"நீர் கழட்டினனீரோ?"

"நானேன் கழட்டுறன்?"

அவர் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு, மிச்சம் இருந்த நடு அறையை ஒட்ட ஏறினார். குளிர் போகட்டும் என்று சின்ன ஹீட்டரைப் போட்டார்.

"பசை மணக்குது. கதவைத் திறந்து விடுங்கோ."

"திறந்தால் சூடு நிக்காது. நீர் கீழை இருந்து மெத்தை உறையைத் தையும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்னேரம் ஏழரை இருக்கும். வெளியே இன்னும் வெளிச்சம். ஆனால் தார்ப்பாய்க்குக் கீழே இருட்டுத்தான். ஏணியைத் தாண்டி, படகின் முன்பக்கத்துக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டு, லாம்பு வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தேன். மேலே அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார்.

இருந்தாற்போல் பாட்டு நின்றது.

மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். தைத்தேன்.

டொக்... டொக்.

என் தலைக்கு மேலே. படகின் முன்பக்கம்.

கை ஊசியோடு நின்றுவிட்டது. வாய் திறக்கவில்லை. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

டொக்... டொக்.

மறுபடியும் இரண்டு. மறுபடியும் அமைதி. அவர் வேலை செய்வது நடு அறையில். சத்தம் வருவது முன்னறையில் இருந்து. இடது பக்கம். அந்த இடம்.

எழுந்து, படகின் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஐஸ் போல இருந்தது.

டொக்... டொக்.

கையில் தெரிந்தது.

மூன்றாவது இல்லை.

வாயை மூடிக்கொண்டிரு என்றது ஒரு மனம். மற்ற மனம் கேட்டது... ஏன் அவர் பாடவில்லை?

"ஆர்?" என்று கத்தினேன்.

அவ்வளவுதான்.

டொக் டொக் டொக் டொக் டொக்...

இரண்டு கையாலும் அடிப்பது போல. படகே அதிர்ந்தது.

ஏணியில் ஏறினேன். கதவை இழுத்தேன். வரவில்லை. காலைக் கொடுத்து இழுத்தேன்.

வரவில்லை.

உள்ளே இருந்து யாரோ தள்ளினார்கள்.

கதவு என் நெஞ்சில் வந்து மோதியது. பசை மணம் முகத்தில் அடித்தது. தட்டல் நின்றுவிட்டது. தரையில் அவர் குப்புறக் கிடந்தார்.

பக்கத்துப் படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒட்வார் என்ற நோர்வேக்காரர் ஓடிவந்தார். இருவருமாக இழுத்து வெளியே போட்டோம். அம்புலன்ஸ் வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பசை ஆவியே ஆளை முடித்திருக்கும் என்றார் வைத்தியர்.

இரண்டாம் நாள் அவர் நன்றாகக் கதைத்தார்.

"நல்ல காலம் தட்டினீங்கள்," என்றேன்.

"ஆர் தட்டினது? தலை சுத்தினது தெரியும். சமையல் தொட்டி விளிம்பிலை முழங்கை அடிபட்டது தெரியும். பிறகு ஒண்டும் தெரியாது."

"கதவைத் தள்ளினது?"

அவர் என்னையே பார்த்தார்.

"நான் எங்கை கிடந்தனான்?"

"நடு அறையிலை, தொட்டிக்குக் கீழை."

"கதவு எங்கை இருக்கு?"

கதவு படகின் பின் அந்தத்தில். அவர் கைக்கு எட்டாத தூரம்.

அடுத்த கிழமை சாமான்களை எடுக்கத் தனியே போனேன். அந்த இடத்தில் துணி கிழிந்து தொங்கியது. இறங்கி வரும்போது ஒட்வார் ஏணிக்குக் கீழே நின்றார். மேலே ஏறவில்லை.

"தட்டல் கேட்டதா?" என்றார் நோர்வே மொழியில்.

"ஓம்."

"இரண்டு இரண்டாகவா?"

நான் தலையாட்டினேன். அவர் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"எண்பத்து மூன்றாம் ஆண்டு. இலையுதிர் காலம். புயல். நானும் என் அண்ணனும் தீவுக்குப் பக்கத்தில் எங்கள் படகில் படுத்திருந்தோம். இரவு முழுக்க ஒரு சத்தம். இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். கயிறு அடிபடுகிறது என்றார் அண்ணன். விடிந்து பார்த்தோம். இந்தப் படகு தலைகீழாக மிதந்தது."

"உள்ளே?"

"ஒரு பெண்ணின் உடல். பத்தொன்பது வயது. முன்னறையில் கொஞ்சம் காற்று நின்றிருக்கிறது. துணிக்கு மேலால் தட்டினால் வெளியே கேட்காது. அதனால் கிழித்திருக்கிறாள்."

அவர் விரலால் கட்டையில் இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.

"கயிறு என்றால் நிற்காமல் அடிக்கும். அவள் இரண்டு தட்டிவிட்டு நிறுத்தினாள். பதில் வருகிறதா என்று காது கொடுத்திருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் விளங்கியது. விற்றவன் உங்களிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்... அன்று நீங்கள் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. அதற்கு முன் அவளுக்கு யாரும் பதில் சொன்னதில்லை."

நான் திரும்ப ஏறினேன். தொங்கிய துணியை வெட்டி எடுத்தேன். ஓட்டையை மூடவில்லை. சட்டைக் கழுத்துக்கு வைப்பது போல் சுற்றிவர நாடா வைத்துத் தைத்தேன். கையகலம். உள்ளே வெறும் சுவர்.

முடிந்ததும் அந்தச் சுவரில் மெதுவாகத் தட்டினேன்.

டொக்... டொக்.

நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

வெளியே காற்றில்லை. ஒட்வார் போய்விட்டார். படகு கரையில், கட்டைகளின் மேல் நிற்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம், என் விரலுக்கு நேரே...

டொக்.

மூன்றாவது.