அக்காவைச் சொல்லி வாங்கிய லீவு

அந்த பஸ் டிப்போவில் சம்பளத்தோடு கூடிய லீவு எல்லாருக்கும் உண்டு. காகிதத்தில் உண்டு. போய்க் கேட்பதுதான் கஷ்டம். ஒருத்தன் லீவு எடுத்தால் இன்னொருத்தன் சேர்த்து ஓட்ட வேண்டும். அவன் ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். களைப்பாக இருக்கிறது, பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே காரணமே இல்லை. டூட்டி போட்டு லீவு கொடுக்கும் டைம்கீப்பர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரே கேள்விதான் கேட்பார்.

"சாவா, கல்யாணமா?"

கல்யாணம் என்றால் பத்திரிகை காட்ட வேண்டும். சாவுக்கு முகத்தைக் காட்டினால் போதும். அதனால் டிரைவர், கண்டக்டர்களின் சொந்தபந்தங்கள் சகட்டுமேனிக்குச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருடைய சித்தப்பா வருஷம் தவறாமல் போய்ச் சேர்ந்தார். டைம்கீப்பருக்கும் இது தெரியாமல் இல்லை. சும்மா கேட்பவனைவிட, மெனக்கெட்டு ஒரு பிணத்தைக் கொண்டுவருகிறவன் அவருக்கு மேல்.

நத்தை என்று டிப்போவே கூப்பிடும் டிரைவர் ரொம்ப நாள் யாரையும் சாகடிக்காமல்தான் காலம் தள்ளினார். வண்டியை மெதுவாக ஓட்டுவதால் வந்த பெயர். மகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஏமாற்றியதில், கடைசியில் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மேஜை முன்னால் போய் நின்றார். யாரைச் சொல்வது என்று யோசிக்காமல் வந்துவிட்டிருந்தார். வாயில் எப்போதும் இருக்கும் பெயர்தான் முதலில் வந்தது.

"அக்கா போயிடுச்சு சார்."

தாய் இல்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, வாரம் தவறாமல் போன் செய்து, சாப்பிட்டியாடா என்று கேட்பவள்.

டைம்கீப்பர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய சொந்த அக்கா இறந்து அப்போது வருஷம்கூட ஆகவில்லை. நத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "போயிட்டு வாப்பா. அக்கா போனா அம்மா ரெண்டாந்தடவை போன மாதிரி."

கடலில் மகள் கும்மாளம் போட்டாள். அவருக்கு அலைச் சத்தமே காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு டைம்கீப்பர் அவரிடம் தனிப் பிரியம் காட்டினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஒரு கை இவருக்கு. "உங்க அத்தான் தனியா எப்படி சமாளிக்கிறாரு?" என்று விசாரிப்பார். "ஏதோ இருக்காரு சார்" என்பார் இவர், தலையை நிமிர்த்தாமல்.

ஒருநாள் அத்தானே போன் செய்தார். "அக்காவுக்கு வயித்துல கட்டியாம் மாப்ள. முத்திடுச்சுங்கிறாரு டாக்டர். உன்னத்தான் கேட்டுக்கிட்டே கெடக்கா. ஒரு நடை வந்துட்டுப் போ."

"டைம்கீப்பர்கிட்ட உண்மைய சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "அவரும் அவரோட அக்கா மேல உசிரா இருந்தவராச்சே."

"அதனாலதான்டி சொல்ல முடியல. வேற ஆளா இருந்தா திட்டுவான், சஸ்பெண்ட் பண்ணுவான், அதோட போயிடும். இவரு என் கையப் பிடிச்சு அழுதாரு."

ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் மறுநாள் காலை போனார்.

"சார், லீவு வேணும்."

"சாவா, கல்யாணமா?"

"உடம்பு சரியில்ல சார். ரொம்ப முடியல. அத்தான் வீட்ல."

"அத்தானுக்கா? உடம்புக்கு முடியலன்னா டாக்டர் பாக்கணும், டிரைவர் போயி என்ன பண்றது? ஆளே இல்லப்பா. இந்த வாரம் ஓட்டிடு, அடுத்த வாரம் பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா இருந்திருந்தா அவரைப் பாத்துக்கிட்டிருக்கும், பாவம்."

நாக்கு நுனி வரை வந்திருந்த உண்மையை நத்தை விழுங்கினார். சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அன்று மாலை அக்காவிடம் பேசினார். குரல் நூலாக இருந்தது. "லீவு கெடைக்காதுன்னு எனக்குத் தெரியாதாடா. வேலைய விட்டுட்டு ஓடி வராத. மெதுவா வா."

வாரம் முடிவதற்குள், கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தபோது, அத்தானின் அழைப்பு வந்தது. போனில் அவர் அழுதார். அதிலேயே தெரிந்துவிட்டது. மாற்று டிரைவர் இல்லை. பஸ் நிறைய ஆட்கள். திரும்பி ஓட்டித்தான் ஆகவேண்டும். "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள்.

மேஜை முன்னால் வந்து நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் டைம்கீப்பர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"யாருப்பா?"

நத்தை வாயைத் திறந்தார். அக்கா இந்த அறையில் ஏற்கெனவே செத்தவள். இன்னொரு தடவை சாக அவளுக்கு இங்கே இடமில்லை.

"மாமியார் சார்."

"அடடா. கெளம்பு, கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார்.

வாசலில் நின்ற மெக்கானிக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன நத்தண்ணே, மாமியாருக்கா இந்த அழுகை? என் பொண்டாட்டி காதுல விழுந்தா என்னையும் அழச் சொல்லுவா."

நாலு பேர் சிரித்தார்கள். டைம்கீப்பர் மட்டும் கையைக் காட்டி அவர்களை அடக்கினார்.

"சும்மா இருங்கப்பா. சொந்த அக்கா போனப்பகூட இவன் இப்படி அழல."